முத்திரைக்கு ஜாஸ்பர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. உடம்பு தேறி மறுபடி பட்டறையில் உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி.

முத்திரை வெட்ட ஜாஸ்பர் கல்லா, கார்னீலியன் என்ற செம்மணிக்கல்லா என்று கேட்டிருந்தாய். ஜாஸ்பரையே எடு. இரண்டும் குவார்ட்ஸ் குடும்பம்தான். ஆனால் கார்னீலியனுக்குள் வெளிச்சம் போய்விடுவதால் கோட்டின் ஆழம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ஜாஸ்பரில் இரும்பு ஆக்சைடு போன்ற கலப்பு 20 சதவீதம் வரைகூட இருக்கும். ஒளி புகாது, வெட்டிய கோடு பளிச்சென்று நிற்கும்.

கல்லை நனைத்து உலரவிட்டுப் பார். எந்தக் கோடு கடைசியில் உலர்கிறதோ அங்கே விரிசல். வெள்ளை நரம்பில் வினிகர் விட்டு நுரைத்தால் அது கால்சைட் என்ற மிருதுவான சுண்ணாம்புக் கனிமம்; மெருகிடும்போது அந்த இடம் மட்டும் பள்ளம் விழும். அப்படிப்பட்ட துண்டை ஒதுக்கிவிடு.

6 மி.மீ. பலகையாக அறுத்து, 220, 400, 600, 1200 என்ற எண் பருமனுள்ள தேய்ப்புப் பொடிகளால் வரிசையாகத் தேய்த்து, தோலில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி போட்டு மெருகிடு. நடுவில் ஒரு பருமனைத் தாண்டினாலும் பழைய கீறல் கடைசியில் பல்லிளிக்கும். முகத்தை முழுக்க மெருகிட்ட பிறகே உருவத்தை வெட்டு. முதலில் வெட்டினால் மெருகு கோட்டின் விளிம்பை மழுக்கிவிடும். எல்லாமே தண்ணீரோடுதான். சிலிக்கா தூசி நுரையீரலில் போனால் திரும்பி வராது. கோக்கத் துளை வேண்டுமானால் இரு பக்கமிருந்தும் நடுவுக்குத் துளை. ஒரே பக்கம் துளைத்தால் வெளியேறும் இடத்தில் சில்லு தெறிக்கும்.

இரும்பு இல்லாத காலத்தில் எப்படி வெட்டினார்கள் என்கிறாய். மோஸ் அளவில் (வைரம் 10) ஜாஸ்பரின் கடினம் 6.5 முதல் 7 வரை. செம்பு தனியாகக் கீறவே கீறாது. வெட்டியது சிராய்ப்புப் பொடி. செம்பு மிருது என்பதால் பொடி அதில் பதிந்து பல்லாக வேலை செய்யும். அப்படியும் மெதுவான வேலைதான். எகிப்தியர் சவச் சடங்கு நூலின் 156-ஆம் மந்திரம், ஐசிஸ் தேவியின் முடிச்சுத் தாயத்தைச் சிவப்பு ஜாஸ்பரில் செய்து இறந்தவர் கழுத்தில் வைக்கச் சொல்கிறது. கிடைத்தவற்றில் பல கண்ணாடி, மெருகிட்ட மட்பொருள். நிறம் வந்தால் போதும் என்று விட்டிருப்பார்கள் போலும்! பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எகிப்திய மன்னர் சோபெக்கெம்சாஃபின் இதய வண்டு (இறந்தவர் நெஞ்சில் வைக்கும் வண்டு வடிவத் தாயத்து) இருக்கிறது: உடல் பச்சை ஜாஸ்பர், எழுத்து மட்டும் கீழே பொன் தகட்டில். கெட்டிக்காரத்தனம். ஜப்பானில் இசுமோப் பகுதியின் பச்சை ஜாஸ்பரில் குழாய் மணிகள் செய்தார்கள். நீளத் துளை எவ்வளவு பொறுமை கேட்கும் என்று உனக்கே தெரியும்.

பெரிதாகப் போனவர்கள் ரஷ்யர்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள கொலிவான் கிண்ணம் ரெவ்னேவ் ஜாஸ்பர். 19 டன், உயரம் 2.57 மீட்டர், அகலம் 5 மீட்டருக்குச் சற்று மேல். எனக்கு அது கல்லின் அழகைவிட அரசின் வீம்பைத்தான் காட்டுகிறது.

உனக்கு வந்த அந்த நீலத் துண்டு லாபிஸ் என்ற நீலக்கல் அல்ல என்றுதான் நினைக்கிறேன். சாம்பல் ஜாஸ்பரைப் பிரஷ்ய நீலச் சாயத்தில் ஊறவைத்து ‘சுவிஸ் லாபிஸ்’ என்று விற்பது பழைய வழக்கம். பொன்னிறப் பைரைட் புள்ளி இருக்கிறதா பார். பின்புறம் கத்திமுனையால் கீறிப் பார்; லாபிஸ் என்றால் கோடு விழும், ஜாஸ்பர் என்றால் கத்தியின் எஃகுதான் சாம்பல் தடமாகக் கல்லில் ஒட்டும்.

அன்புடன்,
சுமதி