கோட்டைகளைக் கோட்டை விட்டோம்

கிளாஸ்கோ,
மே 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை நீங்களே சொல்லுங்கள். அம்மாவைக் கேட்டால் "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லை.

போன வாரம் போனில், ஜூலையில் நாலு நாள் ஊர் சுற்றப் போகிறோம் என்று சொன்னதும், "எந்த ரயில், எத்தனை மணிக்கு, ராத்திரி எங்கே தங்கல்?" என்று கேட்டீர்கள். லைன் கட்டாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்துவிட்டேன். அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வந்து மூன்று வருஷமாகிறது. இதில் நான் பார்த்தது வீட்டு வாசல், பஸ் நிறுத்தம், வேலை பார்க்கும் முதியோர் இல்லம், பையனின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். முதல் குளிர்காலத்தில் அதையும் சரியாகப் பார்க்கவில்லை. டிசம்பரில் பிற்பகல் 3.45 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினேன். கூட வேலை பார்க்கும் பெண்கள் என்னை 'ஹென்' என்று கூப்பிடுவார்கள். கோழியா என்று முதலில் சுருக்கென்றது. கிளாஸ்கோவில் அது 'கண்ணு' மாதிரியான சொல் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள்தான், "இன்னுமா ஹைலண்ட்ஸ் பக்கம் போகவில்லை?" என்று வாரா வாரம் என்னைத் திட்டுவார்கள். வடக்கே மலையும் ஏரியுமாகக் கிடக்கும் பகுதிக்கு அதுதான் பெயர்.

போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. போன வருஷம் ஒருநாள் பஸ் டூரில் போனோம். 12 மணி நேரத்தில் எட்டு இடம். கிளென்கோ பள்ளத்தாக்கில் 15 நிமிஷம் நிறுத்தினார்கள். 1692 பிப்ரவரியில், ஏறத்தாழ இரண்டு வாரம் விருந்தாளிகளாகத் தங்கிச் சாப்பிட்ட படைவீரர்கள், விடிவதற்கு முன் எழுந்து, சோறு போட்ட மெக்டொனல்ட் குலத்தாரில் 38 பேரைக் கொன்ற இடம் அது. அதைக் கேட்டு வாயடைத்து நிற்கும்போதே டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அன்றைக்கு என்னடா பார்த்தாய் என்று உங்கள் பேரனைக் கேட்டுப் பாருங்கள். எந்தெந்த நிறுத்தத்தில் கழிப்பறை சுத்தமாக இருந்தது என்று வரிசையாகச் சொல்வான்.

அதனால் இந்த முறை நாமே திட்டம் போடலாம் என்று உட்கார்ந்தோம். உங்கள் மாப்பிள்ளை எழுதிய பட்டியலில் 17 இடங்கள், அதில் ஒன்பது கோட்டைகள். மேப்பில் பார்த்தால் நாடே ஒரு சாண் அளவுதான், மக்கள் மொத்தம் 55 லட்சம் பேர். ஆனால் மேற்குக் கரையைக் கடல் உள்ளே புகுந்து புகுந்து கிழித்து வைத்திருக்கிறது. எதிர்க்கரையில் தெரிகிற ஊருக்கும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போக வேண்டும். எல்லோரும் சொல்கிற ஸ்கை தீவுக்கு இங்கிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள். மிச்சமிருக்கிற இரண்டு நாள் ஜூலைக் கூட்டத்தில் பார்க்கிங் தேடவே சரியாக இருக்கும்.

அந்த வழியில்தான் ஐலன் டோனன் கோட்டை இருக்கிறது. காலண்டர், பிஸ்கட் டப்பா, வாழ்த்து அட்டை என்று எங்கே பார்த்தாலும் இருப்பது அந்தப் படம்தான். நான் படித்துப் பார்த்தேன். 1719-இல் அரசாங்கக் கப்பல்கள் பீரங்கியால் சுட்டு நொறுக்கிய கோட்டை அது. இருநூறு வருஷம் வெறும் கற்குவியலாகக் கிடந்து, 1932-இல்தான் மறுபடி கட்டி முடித்திருக்கிறார்கள். நம் தாத்தா வயசுதான் அதற்கு. இதைச் சொன்னதும் உங்கள் மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. "கோட்டைகளையெல்லாம் கோட்டை விட்டாயிற்று" என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார். டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை கோட்டை விட்டவர் அவர் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

சரி, பட்டியலை எதை வைத்து வெட்டினேன் என்று கேட்பீர்கள். எங்கள் இல்லத்தில் 91 வயசுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஹைலண்ட்ஸில் இருக்கிற இன்வர்னெஸ் நகரத்துக்கும் வடக்கே பிறந்தவர். அவர் அம்மா மலைநாட்டின் பழைய மொழியான கேலிக் பேசியவராம். இவருக்கு நாலைந்து வார்த்தைதான் தெரியும். ஒருநாள் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, எந்தப் பக்கம் போகலாம் என்று போனில் படங்களைக் காட்டினேன். பச்சை மலை, ஓடை, தூரத்தில் ஆடுகள். "எவ்வளவு அழகு, ஒரு வீடுகூட இல்லை" என்றேன்.

"வீடு இருந்தது" என்றார்.

அவர் சொன்னதையும் நூலகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சார்லஸ் என்ற இளவரசன், பறிபோன அரியணையைத் தன் குடும்பத்துக்கு மீட்க, 1745 ஆகஸ்ட் 19 அன்று கிளென்ஃபினனில் கொடி ஏற்றினான். மலைக்குலத்தார் பலர் அவன் பின்னால் போனார்கள். இங்கிலாந்துக்குள் டெர்பி வரை போய்த் திரும்பிவிட்டார்கள். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் பொட்டலில் ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சண்டையில் எல்லாம் முடிந்தது. அப்புறம் ஆயுதம் வைத்திருக்கத் தடை, ஆண்கள் மலைநாட்டு உடை அணியக்கூடத் தடை. அந்த உடைத் தடை 1782 வரை இருந்தது. குலத்தலைவர்கள் மெல்ல மெல்ல வெறும் நிலச்சொந்தக்காரர்கள் ஆனார்கள். குடியானவன் கொடுக்கிற வாடகையைவிட ஆடு மேய்ப்பதில் வருமானம் அதிகம் என்று தெரிந்ததும், பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் குடியானவர்களை வெளியேற்றினார்கள். பலர் கப்பலேறி கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். படத்தில் நான் பார்த்த ஆடுகள் அந்தக் கதையின் மிச்சம்.

உடனே திட்டம் பிடிபட்டுவிட்டது. கொடி ஏற்றிய இடம், தோற்ற இடம், காலியான இடம். மூன்றே மூன்று. மற்றவை வழியில் தென்பட்டால் பார்ப்பது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது.

செவ்வாய்க்கிழமை காலை கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில். ஃபோர்ட் வில்லியம் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்காகவே போட்ட பாதை மாதிரி இருக்கிறது அப்பா. 1894-இல் திறந்தது. நடுவில் ரானக் மூர் என்று ஒரு பெரிய சதுப்புநிலம். அங்கே தண்டவாளம் போடப் போட உள்ளே அமிழ்ந்துகொண்டே இருந்ததாம். சுள்ளி, மரவேர், மண், சாம்பல் என்று ஆயிரக்கணக்கான டன் கொட்டி, அதற்கு மேல் மிதக்கவிட்ட மாதிரி போட்டிருக்கிறார்கள். அந்தச் சதுப்பின் ஓரத்தில் கோரவர் என்று ஒரு ஸ்டேஷன், 408 மீட்டர் உயரத்தில். பொதுச்சாலை எதுவும் அங்கே போகாது, ரயிலில் போனால்தான் உண்டு. இறங்கிப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் இறங்கினால் அடுத்த ரயிலுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கும்பிடு போட்டுக்கொள்கிறேன். ஸ்டேஷன் பலகைகளில் ஆங்கிலப் பெயருக்குக் கீழே கேலிக் பெயரும் எழுதியிருக்கும். எங்கள் கிளாஸ்கோ, கேலிக்கில் 'கிளாஸகு'.

புதன்கிழமை காலை கிளென்ஃபினன். கொடி ஏற்றியதன் நினைவுத்தூண் ஏரிக்கரையில் நிற்கிறது. பையனுக்கு அதெல்லாம் வேண்டாம். அவனுக்கு வேண்டியது அங்கிருக்கிற ரயில் பாலம், ஏதோ மந்திரவாதிப் பள்ளிப் படத்தில் வருமாம். 1901-இல் திறந்த பாதை அது. 21 வளைவுகள், அத்தனையும் கான்கிரீட். அந்தக் காலத்தில் அதுவே புதுமை. படத்தில் வருகிற மாதிரி நீராவி ரயிலில்தான் போக வேண்டும் என்று ஒரு வாரம் அழுதான். மூன்று பேருக்கு டிக்கெட் விலையைப் பார்த்து நானும் அழுதேன். சாதாரண ரயிலும் அதே பாலத்தின் மேல்தான் போகிறது. பாலம் வளைவாக இருப்பதால் இடதுபக்க ஜன்னலில் உட்கார்ந்தால் நம் ரயிலின் முன்பெட்டி திரும்புவது தெரியுமாம். இறங்கிக் குன்றில் ஏறி நின்றால் நீராவி ரயில் போவதை இலவசமாகவே பார்க்கலாம். இதற்குச் சம்மதித்துவிட்டான். சாயங்காலம் பஸ்ஸில் லாக் நெஸ் ஏரி ஓரமாகவே இன்வர்னெஸ். 37 கிலோமீட்டர் நீளமான ஏரி, ஆழமான இடத்தில் 230 மீட்டர் போகிறது. அதில் இருப்பதாகச் சொல்கிற பூதத்தின் புகழ்பெற்ற 1934 போட்டோ பொம்மை நீர்மூழ்கியை வைத்து எடுத்தது என்று வெகுகாலம் கழித்து வெளியானது. அதைப் பையனிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வியாழக்கிழமைக்கு மட்டும் வாடகைக் கார். முதலில் இதை ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தேன். அன்றைக்கு அந்த அலுவலகமே மூடியிருக்கும் என்று கடைசியில்தான் கவனித்தேன். நீங்களாக இருந்தால் முதலிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். வார நாளுக்கு மாற்றியதும் நல்லதாகப் போயிற்று. இங்கே ஜூன் கடைசியிலேயே பள்ளி விடுமுறை ஆரம்பித்துவிடும், இங்கிலாந்தில் ஜூலை பின்பாதியில்தான். அந்தக் கூட்டம் வருவதற்குள் நாங்கள் திரும்பிவிடுவோம். வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே குடிவந்த பிறகு 12 மாதம்தான் செல்லும். நல்ல வேளை, உங்கள் மாப்பிள்ளை டெஸ்டில் மூன்றாவது முறை தேறிவிட்டார். பையனுக்கு 12 வயசோ 135 சென்டிமீட்டரோ ஆகும்வரை தனி இருக்கை வேண்டும், அதையும் சொல்லி வைத்திருக்கிறேன்.

காலையில் கலோடன். அப்புறம் வடக்கே ஒரு மணி நேரம் போய், ஆர்ட்கே என்ற ஊரில் பிரிந்து, 16 கிலோமீட்டர் உள்ளே போனால் குரோய்க். அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டிதான் போக முடியும். அங்கங்கே ஒதுங்குவதற்கு இடம் விட்டிருப்பார்கள். எதிரில் வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், மற்றவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். கை தூக்காமல் போவதைப் போல மரியாதைக்குறைவு வேறில்லையாம்.

குரோய்க்கில் இருப்பது ஒரு சின்னத் தேவாலயம், சுற்றிலும் கல்லறைகள், கொஞ்சம் மரங்கள். 1845 மே மாதம், கிளென்கால்வி என்ற பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றிய குடும்பங்கள், குழந்தை குட்டிகளோடு ஏறத்தாழ 80 பேர், கம்பளியும் துணியும் கட்டி அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒண்டியிருந்தார்கள். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையிலிருந்து ஆள் வந்து எழுதினார். அந்தக் குடும்பத்தார் போவதற்கு முன் தேவாலய ஜன்னலின் வைர வடிவக் கண்ணாடிகளில் வெளியே இருந்தபடி கீறி வைத்தார்கள். கிளென்கால்வி ஜனங்கள் இங்கே இருந்தார்கள் என்று, தேதியோடு. இன்னொரு கண்ணாடியில், 'கிளென்கால்வி ஜனங்கள், பொல்லாத தலைமுறை' என்று. தங்களுக்கு வந்த துன்பத்துக்குத் தங்கள் பாவம்தான் காரணம் என்று நினைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் பேசியது கேலிக், கீறியது ஆங்கிலத்தில். எழுத்து இன்னும் இருக்கிறது. படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார் பாட்டி.

வெள்ளிக்கிழமை திரும்பும் வழியில் பெர்த் நகரத்தில் இறங்கி ஸ்காட்லாந்து அரசர்களின் முடிசூட்டுக் கல்லைப் பார்க்கிறோம். 1296-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் தூக்கிக்கொண்டு போன 152 கிலோ கல். 1950 கிறிஸ்துமஸ் அன்று கிளாஸ்கோ மாணவர்கள் நாலு பேர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் புகுந்து அதைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். இழுக்கும்போது இரண்டாக உடைந்துவிட்டது! மறுபடி லண்டன் போய், 1996-இல் முறைப்படி திரும்பி வந்தது. 2024 முதல் பெர்த் மியூசியத்தில் இருக்கிறது. ராத்திரிக்குள் வீடு.

தங்குவதற்குத்தான் அலைந்தேன். ஜூலையில் பல இடங்களில் ஒரே ஒரு இரவுக்கு அறை தருவதில்லை. ஃபோர்ட் வில்லியமில் ஒரு ஹாஸ்டலில் குடும்ப அறை கிடைத்தது. இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் ஜன்னலில் ஒட்ட கறுப்புத் துணி எடுத்துக்கொண்டேன். மிட்ஜ் என்று கடுகளவு பூச்சி ஒன்று அங்கே கூட்டம் கூட்டமாகக் கடிக்கும். தலைக்குப் போட வலை வாங்கியாயிற்று. போட்டால் மூவரும் தேன் எடுக்கப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறோம், படம் அனுப்புகிறேன்.

நேற்றுப் பையனுக்கு அந்த ஜன்னல் கதையைச் சொன்னேன். "அவங்க ஏன் தங்களோட பாஷையில எழுதல?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதை அவன் ஆங்கிலத்தில்தான் கேட்டான்.

நாலு நாள் நேரங்களையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் நிறைய இடம் விட்டிருக்கிறேன். புதன்கிழமை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே 40 நிமிஷம் போதுமா என்று எனக்குச் சந்தேகம். பென்சிலால் வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்பு மகள்