தாழ்ந்த கார்களை ஜாக்கியில் தூக்குவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். பஞ்சர் ஒட்ட வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அடிவிளிம்பை எங்கள் கடையில் நசுக்கிவிட்டதாகக் கும்பகோணம் வட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். "டிராக்டர் தூக்குகிறவர்களிடம் இந்த வண்டியை விடலாமா" என்று அதில் ஒரு கேள்வியும் வருகிறது. டிராக்டர் டயர் மாற்றுவது உண்மைதான்; குறுவைக்கும் சம்பாவுக்கும் உழவு நடக்கும் மாதங்களில் அதுவே எங்களுக்குச் சோறு போடுகிறது. அதை இழிவாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும்விட மனத்தைத் தைத்தது.

அந்த வண்டி வந்து நின்றபோதே, முன் சக்கரத்தை அடுத்து ஜாக்கி வைக்கும் இடத்தில் தகட்டு விளிம்பு மடிந்திருந்தது. மடிப்பில் பெயிண்ட் உதிர்ந்து, பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. தொடுவதற்கு முன்பே அதைப் படமெடுத்து, வண்டியில் வந்தவரிடமும் காட்டினோம். காலையில் நசுங்கிய தகடு மதியத்துக்குள் அப்படித் துருப்பிடிக்காது என்பது இரும்போடு பழகிய எவருக்கும் தெரியும். படம் கடையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஒரு பஞ்சருக்கு ஏன் இவ்வளவு நேரம் என்பது அடுத்த குறை. இவ்வகைக் கார்கள் பலவற்றின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 100 முதல் 130 மி.மீ. வரைதான், காற்றிறங்கிய பக்கம் இன்னும் தாழ்ந்திருக்கும். சாதாரண ட்ராலி ஜாக்கியை அங்கே திணித்தால் கதவுக்குக் கீழே ஓரமாக ஓடும் பிளாஸ்டிக் மறைப்பான சைடு ஸ்கர்ட்தான் முதலில் உடையும். ஆகவே ஓட்டை டயருக்கே முதலில் காற்றடித்து, அது தாங்கும் சில நிமிடங்களுக்குள் வண்டியை அகலமான பலகைகள்மேல் மெதுவாக ஏற்றி, அதன்பின் தலை தாழ்ந்த ஜாக்கியை உள்ளே விடுகிறோம். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுவோம்.

பெரும்பாலான கார்களில் கதவுக்குக் கீழே இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த விளிம்பு ஓடுகிறது. அதில் வெட்டுக்குறிகளால் அடையாளமிட்ட இடம் மட்டுமே பாரம் தாங்கும்; அங்கும் ஜாக்கியின் இரும்புத் தலை நேரே முட்டினால் விளிம்பு மடிந்துவிடும். ஆகவே நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர்க் கட்டையை வைக்கிறோம். விளிம்பு பள்ளத்துக்குள் இறங்க, பாரம் இருபக்கமும் பரவுகிறது. சில வண்டிகளுக்கு ஜாக்கி வைக்கத் தனி இடங்கள் உண்டு என்பதால் கையேட்டைப் பார்க்காமல் தூக்குவதில்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில், உயரத்தைத் தானாக மாற்றாமல் நிறுத்திவைக்கும் ஜாக்கி நிலையை (jack mode) முதலில் இயக்க வேண்டும். இல்லையேல் வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும்.

முன்புறம் தூக்கும்போது பின் சக்கரமும் எழும்பியதைப் பார்த்து வண்டி கவிழப்போகிறது என்று பதறியதாகவும் அந்தப் பதிவில் இருக்கிறது. உடல் விறைப்பாகக் கட்டப்பட்ட கார்களில் ஒரு முனையைத் தூக்கினாலே அந்தப் பக்கம் முழுவதும் எழும். அது வண்டியின் இயல்பு. ஜாக்கியின் கை உயரும்போது அதன் சக்கரங்கள் சற்று உருள வேண்டும் என்பதால்தான் சமமான சிமெண்டுத் தரை தேவைப்படுகிறது. ஐப்பசி மழையில் ஊறிய நம் வண்டல் மண்ணில் ஜாக்கி அப்படியே புதைந்துவிடும் என்பதால், சாலையோரத்தில் இவற்றைத் தூக்க நாங்கள் வருவதில்லை. தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் ஒருவரையும் விடுவதுமில்லை.

அந்தப் பதிவைக் கேட்ட அன்றே வழக்கம்போல வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்கும், எங்களுக்காகப் பதில் எழுதியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் அப்பா காலத்து அம்பாசடர் முதல் இன்றைய வண்டி வரை இதே கடைக்குத்தான் வருகின்றன. அந்த நம்பிக்கைக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் தேவைப்படுவதால் தாழ்ந்த கார்களுக்கு வரும் தை முதல் 300 ரூபாய் கூடுதலாகும்; முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் நல்லது. வரும்போது கையேட்டையும், சக்கரம் திருடு போகாமலிருக்கப் போடும் லாக் நட் இருந்தால் அதன் சாவியையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டயர் கடை உரிமையாளர்,
கும்பகோணம்