‘அதிகார விழைவு’ நீட்சே எழுதிய நூல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மன் தத்துவவாதி நீட்சே பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘அதிகார விழைவு’ அவருடைய கடைசி நூல் என்கிறது. நெல்லையில் இலக்கிய மேடைகளிலும் இதையே சொல்லிக் கேட்கிறோம். அப்படி ஒரு நூலை அவர் எழுதவே இல்லை.

அந்தத் தலைப்பில் எழுத நினைத்தது உண்மை. பல திட்டங்கள் போட்டுப் பார்த்தார். 1888 ஆகஸ்டு கடைசியில் போட்டதோடு அந்தத் தலைப்பைக் கைவிட்டு, சேர்ந்திருந்த குறிப்புகளில் தேறியவற்றை ‘விக்கிரகங்களின் அந்தி’, ‘அந்திக்கிறிஸ்து’ (பெயரை நம்மூர் பைபிள் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை) ஆகிய நூல்களுக்கு எடுத்துக்கொண்டார். 1889 ஜனவரியில் இத்தாலியின் தூரின் நகரில் சித்தம் கலங்கியது. 1900இல் இறக்கும்வரை தெளியவில்லை.

மிச்சக் குறிப்புகளைத் தங்கை எலிசபெத்தின் பொறுப்பில் 1901இல் 483 துண்டுகளாகத் தொகுத்து வெளியிட்டார்கள். 1906இல் அது 1067 ஆனது! வரிசையும் நீட்சேயின் முடிவான வரிசையன்று. கைவிட்ட திட்டங்களுள் ஒன்று. 1887 ஜூன் 10 தேதியிட்ட ‘ஐரோப்பிய நிகிலிசம்’ (எதற்கும் பொருளோ மதிப்போ இல்லை என்ற நோக்கு) என்ற குறிப்பு, 16 எண்ணிட்ட பத்திகளாக ஒரே ஓட்டத்தில் போவது. 1906 பதிப்பில் அது 4, 5, 55, 114 எண்ணுள்ள துண்டுகளாக நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. ஏடு தேடி ஆழ்வார்திருநகரி வரை வந்த உ.வே.சா. ஒரு பாட்டை இப்படி நாலாக நறுக்கியிருந்தால் விட்டிருப்போமா?

கோலி, மொந்தினாரி என்ற இத்தாலிய அறிஞர் இருவரும் 1967 முதல் கொண்டுவந்த பதிப்பில் குறிப்புகள் கையெழுத்துப்படி வாரியாக, கால வரிசையில் இருக்கின்றன. மேற்சொன்ன குறிப்பு அதில் முழுசாக, 5[71] என்ற எண்ணில். முதல் எண் கையெழுத்துப்படிக்கு, அடைப்புக்குள் இருப்பது குறிப்புக்கு. ஆகவே, தேதியில்லாமல் வெறும் துண்டு எண்ணோடு ஒரு மேற்கோள் வந்தால், அதை இந்தப் பதிப்பில் ஒத்துப் பார்த்தே அச்சிட வேண்டும். நீட்சே தாமே அச்சிட்ட நூல்களுக்குப் பக்க எண் உதவாது, மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறும். பகுதி எண் போதும்.

அதிகார விழைவு என்ற கருத்தைப் பற்றி அவரே அச்சில் சொன்னது வேண்டுமானால் ‘நன்மை தீமைக்கு அப்பால்’ நூலின் 36ஆம் பகுதி இருக்கிறது. அது தொடங்குவதே ‘என்று வைத்துக்கொள்வோம்’ என்ற பாங்கில்தான். மேற்கோள் எடுப்பவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். வெட்டியதும் யூகமாகச் சொன்னது தீர்ப்பாகிவிடுகிறது. கட்டுரையில் எடுத்தாண்ட மூன்று மேற்கோள்களும் குறிப்பேடுகளிலிருந்து வந்தவை என்று, எழுதிய ஆண்டோடு, ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை