அண்ணா, அம்மா சிசா இல்லை

அண்ணா,

அம்மாவின் முதலாமாண்டு நினைவு மலர் கூரியரில் வந்து சேர்ந்தது. அட்டைப் படம் நன்றாக வந்திருக்கிறது. சித்தி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்ததுதானே? உன் கட்டுரையை அன்றைக்கே படித்துவிட்டேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணமில்லை, கோபம்தான். நீ நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினாய், நானும் அப்படியே எழுதுகிறேன். அண்ணி என்னைத் திட்டட்டும், பரவாயில்லை.

"சிசா என்பவள் ஸ்பானிய ஆட்சியில் சிதைந்த பிலிப்பைன்ஸ் தாய்நாடு. எங்கள் அம்மாவும் ஒரு சிசாதான்." இந்த வரி வந்ததும் மலரை மூடி வைத்துவிட்டேன்.

பிள்ளைகளைத் தொலைத்துப் புத்தி பேதலிக்கிற ஏழைத் தாய் சிசா வருகிற 'நோலி மே தாங்கெரே'யை, ஹோசே ரிசால் எழுதிய பிலிப்பைன்ஸ் நாவலை, எனக்குப் படிக்கக் கொடுத்தவனே நீதான். பக்க ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து. கதாநாயகன் இபார்ரா, சீர்திருத்தம். எலியாஸ், மக்கள். பாதிரி தாமசோ, திருச்சபை. கபித்தான் தியாகோ, ஆள்பவனுக்குக் கும்பிடு போடும் பணக்காரன். தோன்யா விக்தோரினா, பவுடர் பூசி வெள்ளைக்காரியாகப் பார்க்கும் அடிமைப் புத்தி. அதை வைத்துத்தான் கல்லூரியில் பேசிக் கைதட்டல் வாங்கினேன், அந்த நன்றி இன்னும் இருக்கிறது. ஆனால் வயசு ஏற ஏற, அந்த ஆட்கள் உன் பென்சில் குறிப்புக்குள் அடங்க மாட்டேன் என்கிறார்கள்.

கொன்சொலாசியோனையே எடுத்துக்கொள். ஒரு காலத்தில் துணி வெளுத்தவள், இப்போது சிவில் கார்டு என்கிற ஸ்பானியக் காவல்படை அதிகாரியின் பெண்டாட்டி. தன் ஊர் மொழியான தகாலோக் தனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல நடிக்கிறவள். புத்தி பேதலித்த சிசாவைச் சவுக்கால் அடித்து ஆடச் சொல்கிறாள். 'காலனிய மோகம்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் அடிப்பதற்குச் சற்று முன்னால், சிசா பாடுவதைக் கேட்டு நெஞ்சு கலங்கி, பாடாதே, தாங்க முடியவில்லை என்று சுத்தமான தகாலோக்கில் வாய் தவறிச் சொல்லிவிடுகிறாளே, அந்த இடத்தின் ஓரம் காலியாக இருக்கிறது. குட்டு உடைந்த வெட்கத்தில்தான் அவ்வளவு ஆத்திரமும் வருகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் எதற்கும் குறியீடு இல்லை. பாவம், ஒரு பொம்பளை.

சிசாவும் அப்படித்தான். அவள் எந்த நாடு என்று யோசிப்பதற்கு முன்னால் அந்த ராத்திரிச் சாப்பாட்டைப் பார். கோயில் மணி அடிக்கப் போன பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருக்கிறாள். சின்னவன் கிரிஸ்பினுக்குத் தக்காளியும் மீனும். பெரியவன் பசிலியோவுக்குக் கிழவர் தாசியோ கொடுத்த காட்டுப்பன்றி உப்புக்கண்டமும் வாத்துக்காலும். யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வைத்தது. சூதாடிப் புருஷன் வந்து உட்கார்ந்து தின்று தீர்த்துவிட்டுப் போகிறான். அவள் மறுபடி உலை வைக்கிறாள். மிச்சம் இருந்த மீனை இரண்டு பேருக்கும் மனசுக்குள் பங்கு பிரிக்கிறாள். அந்தக் கணக்கில் அவள் இல்லை.

அம்மா உனக்குத் தட்டு போட்டு மூடி வைத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அவளே குடித்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் நீ வீட்டில் இருந்ததில்லை.

அடுத்தது நீ எழுதிய பத்தி. "இரண்டு காவலர்களுக்கு நடுவே அம்மா நிமிர்ந்து நடந்தாள்." உனக்கு யார் சொன்னது? சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். உன்னைக் கேட்டு வந்தார்கள், நீ இல்லை, அம்மா வரட்டும் என்றார்கள். அவள் அடுப்படிக்குள் போனாள். புடவை மாற்றத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பால் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். "நீங்க முன்னால போங்க சார், நான் பின்னாலயே வர்றேன், ஓடிட மாட்டேன்" என்றாள். நான் கூடவே போனேன். ரேஷன் கடை வாசலில் நின்றவர்கள் கேட்டபோது, தூக்கைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டி, "பாலுக்குத்தான்" என்றாள். மூடி கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷன் பெஞ்சில் ராத்திரி வரை அந்தக் காலித் தூக்கு அவள் மடியில் இருந்தது. நிமிரவில்லை அண்ணா. தெரு பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

சிசாவும் அதையேதான் கெஞ்சுகிறாள். ஊருக்குள் நுழையும்போது என்னைத் தனியாக நடக்க விடுங்கள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. ரிசால் சும்மா எழுதவில்லை. அவருடைய அம்மா தியோதோரா அலோன்சோவைக் கலாம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் சிறை வரைக்கும் நடத்தியே கொண்டுபோனார்கள், அவர் சிறு பையனாக இருந்தபோது. இரண்டரை வருஷம் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த அத்தியாயத்தை எழுதும்போது மனுஷனுக்குத் தாய்நாடு ஞாபகம் வந்ததோ என்னவோ, அம்மா ஞாபகம் வராமல் இருந்திருக்காது.

அன்று ராத்திரி அம்மா எப்படி வீடு திரும்பினாள் என்பதை நீ கட்டுரையில் தொடவில்லை. தொடாததற்கு நன்றி என்று முதலில் தோன்றியது. பிறகு, தொடாமல் விட்டதே ஒரு குத்தல் என்று தோன்றியது. நான் எதைச் சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சித்தப்பா இதைப் படிப்பார், அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். உனக்குத் தெரியும், அது போதும். நீ உள்ளே இருந்த மாதங்களுக்காக வருத்தப்படுகிறேன். அன்றைக்கு மறுபடி அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். இரண்டும் உண்மை.

இபார்ராவின் காதலி மரியா கிளாராவைக் கோழை என்றாயே, ஞாபகமிருக்கிறதா? "ஒரு கடிதத்தைக் கொடுத்து இபார்ராவை மாட்டிவிட்டவள்." பாதிரி சல்வி அவளுக்கு என்ன நீட்டினான் என்று பார். செத்துப்போன அம்மாவின் கடிதங்கள், உன் அப்பன் தாமசோ என்று சொல்கிறவை. அவை வெளியே வந்தால் அம்மா பெயர் தெருவுக்கு வரும், அப்பாவாக வளர்த்த தியாகோவின் தலை குனியும். பதிலுக்கு அவன் கேட்டது இபார்ராவின் பழைய கடிதம் ஒன்றை. அந்த வரிகளை அரசுத் தரப்பு ராஜதுரோகமாகத் திரித்தது. அம்மாவா, அவனா? அவள் அம்மா என்றாள். மாசற்ற கன்னி, ஸ்பானிய வார்ப்பில் செய்த பொம்மை, ஏமாந்த தேசம் என்று என்னென்ன குறியீடு வேண்டுமானாலும் அவள் மேல் ஏற்றலாம். எனக்கு அவள் ஒரு விலையைக் கணக்குப் போட்டவள். அதற்கப்புறம் சாந்தா கிளாரா மடத்துக்குள் போய், புயல் ராத்திரியில் கூரைமேல் நின்று அலறும்வரை அந்த விலையை அவளேதான் கட்டினாள். 13 வருஷம் கழித்து இரண்டாவது நாவலில் இபார்ரா நகை வியாபாரி சைமூனாக வருகிறான், கிளர்ச்சி நடத்தி மடத்தை உடைத்து அவளை மீட்கப்போகிறானாம். அதே நாளில் அவள் செத்துப்போயிருக்கிறாள். அண்ணன்மாரும் காதலர்களும் எப்போதும் இந்த நேரத்துக்குத்தான் வருகிறார்கள்.

நீ எலியாஸ். நீயாக வைத்துக்கொண்ட பெயர், பொருந்தத்தான் செய்தது. ஏரிப் படகில் அவன் இபார்ராவிடம் மக்கள் குறைகளை எடுத்துச் சொல்கிற அத்தியாயத்தை நீ எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாய். சிவில் கார்டும் பாதிரிமாரும் நாட்டுக்குத் தேவையான தீமைகள் என்று இபார்ரா வாதாடும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதே ஏரியில், தப்பி ஓடும் படகில், எல்லாம் தலைகீழாகிறது. எல்லாம் இழந்த இபார்ரா இப்போது கலகம் என்கிறான், எலியாஸ் தடுக்கிறான், கலகத்தில் முதலில் சாவது நிராதரவானவர்கள் என்கிறான். அந்த இரண்டாவது படகை மட்டும் நீ எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. எலியாஸுக்கு ஒரு பெண் இருந்தாள், சலோமே. ஏரிக்கரைக் குடிசையில் அவனுக்காகக் காத்திருந்தவள். 1887இல் பெர்லினில் 'நோலி'யை அச்சுக்குக் கொடுக்கும்போது ரிசால் கையில் காசில்லை. நண்பர் மாக்சிமோ வியோலா கொடுத்த 300 பெசோவில் 2,000 பிரதி போட்டாக வேண்டும். செலவைக் குறைக்க ரிசால் வெட்டியெறிந்தது சலோமே அத்தியாயத்தை. அதனால்தான் நம் கையில் இருக்கிற எலியாஸ் ஒண்டிக்கட்டை. வீட்டில் யாரும் காத்திருக்காதவன் தைரியமாகத் தண்ணீரில் குதித்துத் துப்பாக்கிக் குண்டுகளைத் தன் பக்கம் இழுக்கலாம். உன் கட்டுரையிலும் உன் போராட்ட வாழ்க்கை முழுக்க வருகிறது, நான் எங்கேயும் வரவில்லை. அச்சுச் செலவு என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு உன்னை வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. கிறிஸ்துமஸ் ராத்திரி காட்டில், சிசாவின் உடம்புக்குப் பக்கத்தில், விடியலைப் பார்க்காமலே போகிறேன் என்று எலியாஸ் சொல்லும் இடம் வரும்போதெல்லாம் உன் குரலில்தான் கேட்கிறது. நீ உள்ளே இருந்தபோது அந்தப் பக்கத்தை என்னால் திறக்கவே முடியவில்லை.

டிசம்பர் 30 கூட்டத்தில் ரிசாலைப் பற்றிப் பேசப்போகிறாயாமே, அண்ணி சொன்னாள். அந்தத் தேதியில் மணிலாவின் பகும்பாயானில் ஸ்பானியர்கள் அவரைச் சுட்டார்கள் என்பதோடு நிறுத்திவிடாதே. உடம்பை வீட்டாரிடம் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. அவருடைய அக்கா நார்சிசா தேடி அலைந்து, பாக்கோ கல்லறையில் புது மண்ணைக் கண்டுபிடித்து, அங்கிருந்தவர்களுக்குக் காசு கொடுத்து, பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு ஓர் அடையாளக்கல் வைத்துவிட்டு வந்தாள். அவள் எதற்குக் குறியீடு என்று யாரும் பரீட்சையில் கேட்பதில்லை. அதனால் நீ அவளைப் பற்றிப் பேசு.

மலரை மறுபடி அச்சடித்தால் "நிமிர்ந்து நடந்தாள்" என்பதை எடுத்துவிடு. தாய்நாட்டையும்.

கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். முடிந்ததும் நீ இங்கே வருவதென்றால் ஃபோன் பண்ணிவிட்டு வா. தட்டு போட்டு மூடி வைக்கிற வேலையெல்லாம் என்னிடம் கிடையாது. வந்த பிறகு உலை வைக்கிறேன், உட்கார்ந்து காத்திரு.

உன் தங்கை