படபடப்பை வரும்போதே பிடிக்க வேண்டும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதியைக் கேட்டுச் சரசு பூரித்துப்போனாள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில், "அப்பப்ப நெஞ்சு படபடங்குது, ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரசுவுக்கும் இதே கதைதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ராத்திரியில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். வழக்கமான ஈசிஜியில் பதிவாவது சுமார் 10 விநாடித் துடிப்புதான். அந்த நேரத்தில் இதயம் ஒழுங்காகத் துடித்தால் நார்மல் என்றுதான் வரும். பிறகு துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மார்பில் ஒட்டி அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க அதோடுதான் சமையல், தூக்கம் எல்லாம். அதில் அகப்பட்டது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

இதயத்தின் மேலறைகள் சேர்ந்து சுருங்காமல் வெறுமனே துடிதுடிக்கின்றன. நாடி தாறுமாறாக ஓடுகிறது. படபடப்பைவிடப் பயப்பட வேண்டியது, இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறைவதுதான். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு என்கிறார்கள். சரசு இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள்.

காரணம் தேடியபோது தைராய்டு அதிகமாகச் சுரப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியிருந்தாலும் இப்படி ஆகுமாம். அதனால் எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்தார்கள். ரத்தக் கொதிப்பு, குடி, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாமே காரணமாகலாம். உன் குறட்டையை மறைக்காமல் டாக்டரிடம் சொல்.

உனக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகை, தூக்கமின்மை, அதிகக் காபி இவற்றாலும் படபடக்கும். இடையிடையே வரும் கூடுதல் துடிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. எது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணு. சீராக ஓடுகிறதா, விட்டுவிட்டு ஓடுகிறதா? சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கிறதா? நேரத்தோடு எழுதி வை. டாக்டருக்கு அது பெரிய உதவி. முடிந்தால் அப்போதே பக்கத்துக் கிளினிக்கில் ஈசிஜி எடுத்துவிடு. கண் இருட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே.

இதய டாக்டரைப் பார்க்கும் தேதியை எழுது. துணைக்கு நான் வருகிறேன். தங்கச்சியிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

என்றும் அன்புடன்,
கிருஷ்ணன்