நீ அனுப்பிய நீலக் கார் பற்றி

லெஸ்டர்,
ஞாயிறு மாலை

அன்பு மாப்ளே,

உன் மெசேஜ் வந்து நாலு நாள் ஆகிறது, பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய், போனில் தட்டித் தட்டி எழுத முடியாத விஷயம் என்பதால்தான் இன்றைக்கு உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டது என்றாய், பர்மிங்காமில் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்று அவள் படும் பாடு எனக்குப் புரிகிறது. கார் வேண்டும்தான். ஆனால் 'பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு, எம்.ஓ.டி. ஒரு வருஷத்துக்கு இருக்கு, நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துடவா' என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்குப் பக்கென்றது. எம்.ஓ.டி. என்பது வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று இங்கே சட்டப்படி பார்க்கும் சோதனை, அவ்வளவுதான்.

உன் அப்பா மாருதி வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போனார், அந்த மெக்கானிக் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து கதவு, பானட் எல்லாம் ஒட்ட வைத்துப் பார்த்தார். பின்கதவில் ஓரிடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. 'சார், பட்டி பார்த்திருக்கான், வண்டி அடி வாங்கினது' என்றார். நம் ஊரில் அவ்வளவுதான் வழி. மஞ்சள் போர்டு வண்டிக்குத்தான் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை, ஓன் போர்டு காரை 15 வருஷத்துக்கு எந்த அதிகாரியும் எட்டிப்பார்க்க மாட்டார். அதனால் பழைய கார் என்றால் விற்பவன் வாயும் நம் மெக்கானிக்கின் காதும்தான்.

இங்கே கதை வேறு. கார் புதிதாகப் பதிவாகி மூன்று வருஷம் ஆனதும் வருஷா வருஷம் எம்.ஓ.டி. சோதனை. 1960ல் இதை ஆரம்பித்தபோது பத்து வருஷம் ஓடிய வண்டிகளுக்கு மட்டும், பிரேக், விளக்கு, ஸ்டியரிங் என்று மேலோட்டமாகத்தான் பார்த்தார்களாம். அன்றைக்கு இருந்த போக்குவரத்து அமைச்சகத்தின் பெயர்ச் சுருக்கம்தான் எம்.ஓ.டி., அந்தப் பெயரில் இப்போது அமைச்சகமே இல்லை, சோதனை மட்டும் அதே பெயரோடு நிற்கிறது. நமக்கு வேண்டியது என்னவென்றால், 2005லிருந்து நடந்த சோதனைகளின் முடிவுகள் அரசாங்கத் தளத்தில் கிடக்கின்றன. நம்பர் பிளேட்டில் இருப்பதை அப்படியே தட்டினால் போதும். காசு கிடையாது, விற்பவனிடம் கேட்கவும் வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உன்னிடம் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. 2016ல் வந்த புதிதில் ஒருவரிடம் 1,800 பவுண்டுக்கு ஒரு வெள்ளிக் கலர் கார் வாங்கினேன். மீட்டரில் 64,000 மைல். சீட்டெல்லாம் பளபள. மூன்று மாதத்தில் கிளட்ச் போய் வண்டியைக் கேரேஜில் விட்டபோது, அங்கிருந்த பெரியவர் கம்ப்யூட்டரில் நம்பரைப் போட்டு திரையை என் பக்கம் திருப்பினார். அதே கார் 2013 சோதனையில் 97,000 மைல் ஓடியிருந்தது. மூன்று வருஷத்தில் கார் பின்னோக்கி ஓடியிருக்கிறது! விற்றவன் நம்பருக்கு அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிஷ வேலையை வாங்கும் முன்னால் செய்யாததற்கு நான் கட்டிய அபராதம் அது.

சரி, உன் நீலக் காருக்கு வருகிறேன். நீ அனுப்பிய போட்டோவில் நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்துப் போட்டேன். பிளேட்டில் 12 என்று இருப்பதால் 2012 மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் பதிவானது, சரியாக 2015 மே மாதம் முதல் சோதனை. அப்போது 22,000 மைல். பிறகு ஒவ்வொரு மே மாதமும் ஏழாயிரம் எட்டாயிரம் கூடிக்கொண்டே போய் 2019ல் 52,000. அதற்கடுத்த சோதனை 2020 நவம்பர். ஒன்றரை வருஷம் காணோமே என்று முதலில் எனக்கும் சந்தேகம் வந்தது, அப்புறம்தான் உறைத்தது, கொரோனா சமயத்தில் மே மாதம் முடிய வேண்டிய எம்.ஓ.டி.க்கு அரசாங்கமே ஆறு மாதம் தள்ளிக் கொடுத்தது. அதற்குப் பின் வருஷத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு மைல்தான், கார் வைத்திருந்தவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்திருப்பார் போல. இப்போது 74,600. மைல் கணக்கில் கள்ளம் இல்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பாஸ், ஃபெயில் என்பதோடு நிறுத்தாதே, அதற்குக் கீழே 'அட்வைசரி' என்று சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும், இப்போதைக்கு ஓட்டலாம் ஆனால் கவனி என்று சோதிப்பவர் எழுதி வைப்பது. உன் காரில் 2022ல் பின்பக்க பிரேக் பைப் துருப்பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். 2023லும் அதே வரி. 2024லும் அதே வரி. போன நவம்பரில் அதே பைப்புக்காக ஃபெயில், இரண்டு நாள் கழித்து பாஸ். முன் டயர் கதையும் இதேதான், உள் ஓரம் தேய்கிறது என்று 2023ல் சொல்லியும் சக்கர அலைன்மென்ட் பார்க்காமல், சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டருக்கும் கீழே போய் ஃபெயில் ஆகும்வரை ஓட்டியிருக்கிறார். பிரேக் பைப்பையே மூன்று வருஷம் தள்ளிப் போட்டவர் ஆயில் மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை. ஃபெயில் ஆன கார் என்பதால் சொல்லவில்லை, பல்பு போய் ஃபெயில் ஆகி அன்றைக்கே மாற்றி பாஸ் வாங்கிய கார்கள் எத்தனையோ, அதெல்லாம் நல்ல கார்தான்.

அடியில் பிளாஸ்டிக் தட்டு இருப்பதால் சில பாகங்கள் தெரியவில்லை என்று ஒரு வரி வருஷா வருஷம் வந்திருக்கிறது, அதை விடு, அது குறையே இல்லை. ஆனால் கடைசி இரண்டு வருஷமாக பின் சப்ஃபிரேம், அதாவது பின் சக்கரப் பாகங்களைத் தாங்கும் அடிச்சட்டம், துரு என்ற வரி சேர்ந்திருக்கிறது, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். குளிர்காலத்தில் இங்கே ரோடெல்லாம் உப்பு கொட்டுவார்கள் மாப்ளே, ஐஸ் பிடிக்காமல் இருக்க. தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் ஓடிய லாரியின் அடிப்பாகத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதே கதி. மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் பொருக்குப் பொருக்காக உதிரும். டீலர் கழுவிப் பாலிஷ் போட்டு நிறுத்துவது மேல் பாகத்தைத்தான், உன் அப்பாவின் மெக்கானிக் வந்தாலும் அந்தக் காந்தத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, எம்.ஓ.டி. எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் நிலைமையெல்லாம் அதில் வராது. சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார், டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருந்தால் நல்லது. லோன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துப் போட்ட வண்டியா என்பதற்குக் காசு கட்டித் தனியாகப் பார்க்க வேண்டும், கார் முடிவானபின் அதை நான் போட்டுத் தருகிறேன். லாக்புக் என்ற பதிவுச் சான்றில் இருக்கும் பெயர் வண்டியை வைத்திருப்பவராகப் பதிவானவர் பெயர் மட்டும்தான், அவர்தான் உரிமையாளர் என்று அர்த்தமில்லை, நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி நினைத்து 'ஓனர் பெயர் இருக்கிறதே' என்று ஏமாந்துவிடாதே. ரோடு டாக்ஸும் பழைய ஆளோடு போய்விடும், நீ புதிதாகக் கட்டினால்தான் வீட்டுக்கு ஓட்டி வர முடியும்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஊருக்குப் போன் பண்ணினால் வலியைப் பற்றிப் பேசாமல் நீ போய்ச் சேர்ந்தாயா என்றுதான் கேட்கிறாள், ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு. சின்னவள் இப்போது என் தமிழைத் திருத்துகிறாள், இங்கிலீஷில்.

நீலக் காரை விட்டுவிடு. அட்வான்ஸ் கொடுக்கவில்லைதானே? வருகிற சனிக்கிழமை நான் ரயிலில் வருகிறேன், ஒரு மணி நேரம்தான். அதற்குள் உன் பட்ஜெட்டில் நாலைந்து காரின் நம்பரை மட்டும் அனுப்பு, போட்டோ வேண்டாம். நான் இங்கிருந்தே சலித்து வைக்கிறேன். பழைய ஜீன்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு வா, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கப் போவது நீதான், எனக்குத் தொப்பை இடிக்கும். உடன்குடிக் கருப்பட்டி கொண்டு வந்தேன் என்றாயே, தீர்த்துவிடாமல் கொஞ்சம் வை.

உன்
மச்சான்