பஸ் நிறுத்தத்துக்குச் சுவரில் ஒரு வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போக்குவரத்து நெரிசல் பற்றித் தங்கள் இதழில் வந்த தலையங்கம், மக்கள் சொந்த வாகன மோகத்தை விட்டுப் பொதுப் போக்குவரத்துக்கு மாற வேண்டும் என்று முடிந்திருந்தது. அக்கறையோடு எழுதப்பட்டதுதான். ஆனால் பழி முழுவதையும் வேலைக்குப் போகிறவர் தலையில் சுமத்திவிட்டு, அவர் குடியிருக்கும் தெருவை அது கண்டுகொள்ளவே இல்லை. பஸ்ஸா, பைக்கா என்பது பெரும்பாலும் வாசற்படியைத் தாண்டிய முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் நின்றால் பஸ் நிறுத்தம் தெரியும். அங்கே நிற்பவர் கையில் குடை இருக்கிறதா என்பதுகூடத் தெரியும். குடியிருப்பின் ஒரே கேட்டோ எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து, அடுத்த வளாகத்தின் சுவரையும் சுற்றிக்கொண்டு போனால்தான் நிறுத்தத்தை அடைய முடியும். கண்ணுக்கு இருநூறு மீட்டர், காலுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். நடைபாதை இருக்கிறது. ஆனால் பாதி வழியில் டிரான்ஸ்பார்மர் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே சாலையில் இறங்கி, பஸ்களுக்கு ஒதுங்கி, மறுபடி ஏற வேண்டும். வயதானவர்களுக்கு அந்த உயரம் ஏறவே முடியாதது.

இரவில் நிலைமை இன்னும் மோசம். அந்தச் சுவரோரம் ஒரு கடை கிடையாது, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் சொன்னார்: "காலையில் பஸ்ஸில் போய்விடலாம் சார். ராத்திரி அந்தச் சுவரை ஒட்டித் தனியாக நடந்து வர வேண்டுமே என்றுதான் ஸ்கூட்டரை எடுக்கிறேன்." காலைப் பயணத்தை முடிவு செய்வது இரவுத் தெரு. இதை எந்த நெரிசல் கணக்கெடுப்பும் காட்டுவதில்லை.

இது என் ஒருவனுடைய குறை அல்ல. ராபர்ட் செர்வெரோ, காரா காக்கல்மன் என்ற ஆய்வாளர்கள் 1997-லேயே சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை ஆராய்ந்து, மக்கள் நெருக்கம், வீடும் கடையும் அலுவலகமும் கலந்திருப்பது, தெருவின் வடிவமைப்பு ஆகிய மூன்றும் பயணத்தை மாற்றுகின்றன என்று காட்டினார்கள். அதே செர்வெரோ, ரீட் யூவிங் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2010-இல் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மக்கள் நெருக்கம் தனியாக அவ்வளவு பெரிய காரணமில்லை என்று தெரிந்தது. நடப்பதற்குத் தெருச் சந்திப்புகள் அடிக்கடி வருவது முக்கியம். பஸ், ரயில் பயணத்துக்கு நிறுத்தம் அருகில் இருப்பதும், தெருக்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதும் முக்கியம். மாடிமேல் மாடி கட்டிப் பல்லாயிரம் பேரைக் குடிவைத்து, சுற்றிலும் சுவர் எழுப்பி, ஒரே கேட் வைத்தால் நெருக்கத்தின் பயன் வந்து சேராது. நெரிசல் மட்டும் சேரும்.

நடக்க விரும்புகிறவர்கள்தான் அத்தகைய தெருக்களைத் தேடிக் குடிபோகிறார்கள், தெரு யாரையும் மாற்றுவதில்லை என்று சிலர் வாதிடலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் அதைக் கேட்டிருக்கிறார்கள். இதற்கென்றே நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளிவந்த கட்டுரை, அந்த விருப்பத்தைக் கழித்த பிறகும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சுற்றுப்புறத்தின் தாக்கம் மிஞ்சியதைக் காட்டியது. தவிர, வாடகைக்கு ஏற்ற வீடு கிடைத்தால் போதும் என்று வருகிற குடும்பம் தெருவைத் தேர்ந்தெடுக்கும் நிலையிலா இருக்கிறது?

பயணத்தின் மறுமுனையையும் விட்டுவிடக் கூடாது. அலுவலகத்தில் இலவசமாக வண்டி நிறுத்த இடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வருகிறவருக்கு ஒன்றும் தராமல் இருப்பது, வண்டியில் வா என்று அழைப்பதுதான். கலிபோர்னியாவில் 1992-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி சில நிறுவனங்கள் இலவச நிறுத்துமிடம் வேண்டாம் என்கிற ஊழியருக்கு அதன் மதிப்பைப் பணமாகவே கொடுத்தன. அப்படிக் கொடுத்த எட்டு நிறுவனங்களை டொனால்ட் ஷூப் என்ற நகரத் திட்டமிடல் பேராசிரியர் ஆராய்ந்தார். தனியாகக் காரோட்டி வருவோர் எண்ணிக்கை 17 சதவீதம் குறைந்திருந்தது. யாருக்கும் யாரும் உபதேசம் செய்யவில்லை.

அதனால் என் கோரிக்கை சிறியது. பெரிய வளாகங்களுக்குக் கட்டட அனுமதி கொடுக்கும்போதே, பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கம் ஒரு சிறு வாசலும் விளக்குள்ள பாதையும் கட்டாயம் என்று விதி வர வேண்டும். ஏற்கெனவே எழும்பிவிட்ட சுவர்களில் குடியிருப்போர் சங்கங்களே இதைச் செய்யலாம். எங்கள் சங்கத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பாதுகாப்பு போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பகலும் இரவும் ஆள் நடமாட்டமுள்ள வாசல், ஆளற்ற நீண்ட சுவரைவிட ஆபத்தானது என்று நான் நம்பவில்லை.

தாங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை நெரிசல் பற்றிய செய்தி போடும்போது, சாலையில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையோடு, குடியிருப்புகளின் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை தங்கள் நிருபர் நடந்தே அளந்த தூரத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்